நைட்ரோ எஞ்சினைப் பழக்கும் பாணிகள்

விருத்தாசலத்துக்காரர்களிடம் நெருப்பைப் பற்றிப் பேச அதிக முன்னுரை வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணைப் பொம்மையாகவும் அகல்விளக்காகவும் மின்சாரப் பீங்கானாகவும் சுட்டெடுக்கும் ஊர் இது. சூளையில் எரிபொருள் மிகுந்து காற்று குறைந்தால் பீங்கானில் லேசான நீலம் ஓடும். காற்று மிகுந்தால் தந்த நிறம் தட்டும். மண்ணில் கிடக்கும் துளி இரும்புதான் இந்த வேலையைச் செய்கிறது. ரிமோட் ட்ரக்கின் நைட்ரோ எஞ்சினும் இதே எரிபொருள், காற்று வழக்குதான். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றில், நொடிக்கு 500 தடவை தீர்ப்பு சொல்லியாக வேண்டும். கொள்ளளவோ மூன்று, மூன்றரை சிசி.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்தான் இருக்கிறது. அதன் பிளாட்டினக் கம்பிச் சுருளை ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சிவக்க வைத்தால் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். எரிபொருளில் இருக்கும் மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தில் பட்டுப் பட்டே சுருள் தணல் மாறாமல் இருக்கும். எண்ணெய்க்குத் தனி வழி இல்லை, எரிபொருளிலேயே கலந்து வருகிறது. இனி சொல்லப்போகும் சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஏற்பாடுதான். கலவையை லீனாக்கினால், அதாவது எரிபொருளைக் குறைத்தால், சூடு ஏறும், அதே நேரத்தில் எண்ணெயும் குறையும். எஞ்சினுக்கு இரண்டு அடி ஒரே கையால் விழும்.

புது எஞ்சினைப் பழக்குவதில் பழைய பாணி ஈரப் பாணி. எரிபொருளைத் தாராளமாகத் திறந்துவிட்டு, வண்டியைப் பெட்டிமேல் தூக்கி வைத்து, டாங்க் டாங்காக ஐடிலில் ஓடவிடுவார்கள். எஞ்சின் விக்கி விக்கி, எண்ணெய் கக்கிக்கொண்டு, தொட்டால் கை பொறுக்கும் சூட்டிலேயே ஓடும். இது மாடல் விமானக்காரர்கள் விட்டுப்போன சொத்து. கல்கத்தாவின் அரோரா செய்த சிறு டீசல் எஞ்சின்களில் கை பழகிய தலைமுறைக்கு இதுதான் வேதம். இரும்பு பிஸ்டன், எஃகு சிலிண்டர். இரண்டும் ஒன்றையொன்று மெதுவாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ள நேரம் வேண்டும். நம் ஊர் டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்குகள் புது டிவிஎஸ் 50-க்கும் ஆர்எக்ஸ் 100-க்கும் சொன்ன அறிவுரையும் இதற்குப் பங்காளிதான்: ஆயிலைக் கொஞ்சம் கூடவே ஊற்று, கொஞ்ச நாளைக்கு முறுக்காதே.

அந்த எஞ்சின்களுக்கு அது சரி. இன்றைய ட்ரக் எஞ்சின் வேறு சாதி. இதில் சிலிக்கன் கூடிய அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை லைனர். பிஸ்டன் ரிங் கிடையாது. லைனர் மேலே போகப் போகக் குறுகும். புது எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள், உச்சியில் பிஸ்டன் கடித்துக்கொண்டு நிற்கும். வாங்கியவர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதும் உண்டு. பழுதல்ல, அந்தப் பிடிதான் எஞ்சினின் உயிர். ஓடும் சூட்டில் பித்தளை பிஸ்டனைவிட அதிகமாக விரிந்து இடம் கொடுக்கும்; அப்போதுதான் இரண்டும் அளவுக்கு வரும். ஆகவே இதைக் குளிரக் குளிர, ஈரமாக ஓட்டுவது பழக்குவதாகாது, அரைப்பதாகும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுகலில் முட்டும். கனெக்டிங் ராடு அடி வாங்கும். இரண்டும் அளவுக்கு வருவதற்குள் பிடி தேய்ந்துபோகும்.

இதைக் கண்டவர்கள் தொடங்கியதுதான் சூட்டுப் பாணி. எஞ்சின் தலையை முதலில் ஹீட் கன் வைத்துச் சூடாக்குகிறார்கள். சிலர் தலையில் அலுமினியத் தாள் சுற்றிக் காற்றை மறைப்பார்கள். கலவை ரிச்சாகவே, அதாவது எரிபொருள் மிகுந்தே இருக்கும், ஆனால் தலை 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சில நிமிடம் ஓட்டுவது, நிறுத்தி முழுக்க ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது. ஆறவிடும்போது ஒரு வேலையை மறக்கக்கூடாது. ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனை அடியில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சுருங்கும் லைனர் அதைக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் அடியில் இருக்கும் இடத்தை ஃப்ளைவீலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்பவரைப் பார்த்தால், ஆள் தொழில் தெரிந்தவர் என்று கணக்கிடலாம்.

மூன்றாவது பாணி தொழிற்சாலைகளுடையது. 1999-இல் டி-மேக்ஸ் ட்ரக்கை இறக்கிய டிராக்சாஸ், ஐந்து டாங்குக்கு ஒரு அட்டவணை கொடுக்கிறது. பெட்டிமேல் நிறுத்தாமல் தரையிலேயே ஓட்ட வேண்டும். முதலில் கால் த்ராட்டில், பிறகு அரை, கடைசியில் முழு த்ராட்டிலை எட்டிப் பார்த்துத் திரும்புவது. கையில் தெர்மாமீட்டர் இல்லாத பையனும் எஞ்சினைக் கெடுக்காமல் ஓட்டிவிடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பந்தயக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சுமை ஏறினால் சூடு தானே ஏறுகிறது. சூட்டுப் பாணியின் சாரத்தைப் பெயர் சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பழக்குவதில் பிரிந்து நிற்பவர்கள் ட்யூனிங் வந்ததும் ஏறக்குறைய ஒரே மேடைக்கு வந்துவிடுகிறார்கள். எரிபொருளின் அளவைத் திருத்தும் ஊசிகளில், முழு வேகத்துக்கான ஹை நீடில் முதலில், ஐடிலுக்கான லோ நீடில் பிறகு. ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப் புகைக் கோடு தொடர்ந்தாக வேண்டும். அது அறுந்தால் எண்ணெய் அறுந்தது என்று பொருள். ஐடிலுக்கு இன்னொரு சோதனை உண்டு. கார்புரேட்டருக்குப் போகும் டியூபை விரலால் நசுக்குங்கள். எஞ்சின் சற்றே வேகம் ஏறி, இரண்டிலிருந்து நான்கு நொடிக்குள் நின்றால் லோ நீடில் சரி. வேகமே ஏறாமல் பட்டென்று நின்றால் லீன். இழுத்து இழுத்து ஓடினால் ரிச். குளோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுருள் ஈரப் பளபளப்போடு இருக்க வேண்டும். சாம்பல் பூத்து முறுக்கிக்கொண்டிருந்தால் எஞ்சின் வெந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் மூக்கைப் பார்த்து நோய் சொன்ன டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்குக்கு இது புதுப் பாடமல்ல.

தெர்மாமீட்டர் பக்தி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நூறிலிருந்து நூற்றிருபத்தைந்து டிகிரி வரை நல்ல சூடு என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த எண்ணைப் பிடிப்பதற்காக நீடிலைத் திருப்புவது தலைகீழ் வேலை. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில், ரிச்சாக ஓடும் எஞ்சின்கூட நூற்றுப் பத்தைத் தொட்டுவிடும். தை மாதக் காலையில் லீனாகத் தவிக்கும் எஞ்சின் தொண்ணூற்றைந்தில் நிற்கலாம். போதாததற்குச் சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு. காலையில் சரியாக இருந்த கலவை நண்பகலில் தானே ரிச்சாகும், நீடிலைக் கொஞ்சம் மூட வேண்டிவரும். தலை கொதிக்கிறதே என்று பயந்து திறப்பவர்தான் அதிகம். புகையையும் ஓசையையும் முதலில் நம்பி, எண்ணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெயிலும் இரண்டு கட்சி. ஆமணக்கெண்ணெய்க் கட்சி, சிந்தெடிக் கட்சி. ஆமணக்கு கடும் சூட்டிலும் உலோகத்தை விடாது, தவறிப்போய் லீனானாலும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கும். ஆனால் உள்ளே வார்னிஷ் போலப் படியும். சிந்தெடிக் சுத்தமாக ஓடும், பிழை பொறுக்காது. இரண்டையும் கலப்பதே இன்றைய வழக்கம். புது எஞ்சினுக்கு ஆமணக்கின் பங்கு கூடுதலாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

எரிபொருள் எவ்வளவு காரமாக, அதாவது எவ்வளவு நைட்ரோமீத்தேன் கலந்ததாக இருக்கலாம் என்பதில் இப்போது சட்டமும் குறுக்கே வந்துவிட்டது. வெடிபொருள் மூலப்பொருட்கள் பற்றிய 2019-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்கள் கைக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் கலந்தது தாராளமாகக் கிடைக்காது. இருபத்தைந்திலும் முப்பதிலும் பழகியவர்கள் முனகினார்கள். நைட்ரோ குறைந்தால் நீடில் கணக்கே மாறும். மெத்தனாலைவிட நைட்ரோமீத்தேனுக்குக் காற்று பல மடங்கு குறைவாகப் போதும். ஆகவே கலவையில் அது குறையும்போது நீடிலை மூடிக்கொள்ள வேண்டும்.

நமக்கு நெருக்கமான சட்டம் மெத்தனாலுடையது. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலையும் உள்ளடக்கிய 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆகவே இந்தக் கலையைப் பழகுபவர்களுக்கு எந்தப் பாணியானாலும் பொதுவாக ஒன்று: எரிபொருளைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் மாற்றி வைக்கக்கூடாது. வந்த கேனிலேயே, விஷக் குறியோடு, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். தோலில் பட்டால் உடனே கழுவ வேண்டும். அடைத்த அறைக்குள் எஞ்சினை ஓட்டக்கூடாது. ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலி செய்து, மிச்ச எரிபொருள் எரிந்து தீரும்வரை ஓடவிட்டு, குளோ பிளக் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வையுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் பக்கத்து ஐப்பசி மழையில் பேரிங் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும்.