அடைமொழியும் அச்சமும்: கொரியச் செய்தியேடுகளில் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்

நன்னூல் பயின்றோர் இனமுள்ள அடை, இனமில்லா அடை என்னும் பாகுபாட்டை அறிவர். செந்தாமரை என்னுமிடத்து, செம்மை என்னும் அடை வெண்டாமரையும் உண்டு என்பதை உணர்த்தித் தாமரையுள் ஒரு வகையைப் பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்னுமிடத்து, பிரித்துக் காட்டுதற்கு வேறு ஞாயிறு இல்லை. ஆதலின் செம்மை ஞாயிற்றின் இயல்பாகவே நின்றுவிடுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்பெறும் இச்சிறு வேறுபாடு, செய்தி எழுதுவோர் கையில் ஒரு கூட்டத்தாரின் நற்பெயரையே காக்கவோ அழிக்கவோ வல்லதாகிறது. தென்கொரியாவில் பணிபுரியும் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியரைப் பற்றி 2005 முதல் வெளிவந்த செய்திகளை இந்நோக்கில் ஆராய்வது பயன்தரும்.

அச்சத்தின் தோற்றம்

கொரியாவில் ஆங்கிலம் வேலைக்கும் உயர்கல்விக்கும் திறவுகோலாகக் கருதப்படுகிறது. ‘ஹாக்வோன்’ எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்கள் நகர்தோறும் பெருகின. அரசும் 1995ஆம் ஆண்டு முதல் பொதுப்பள்ளிகளுக்கு அயல்நாட்டு ஆசிரியரை வரவழைத்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவர்க்கு ‘ஈ-2’ என்னும் விசா வழங்கப்பெற்றது. ஏதேனும் ஒரு துறையில் பட்டம் இருந்தாற் போதும். ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. 2010ஆம் ஆண்டையொட்டி இவர்கள் தொகை ஏறத்தாழ 20,000 ஆக இருந்தது.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொரியப் பெண்களை இழிவாகக் குறித்து அயல்நாட்டார் சிலர் எழுதியவை வெளிப்பட்டன. மக்கள் சினங்கொண்டனர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சியொன்று இவ்வாசிரியரைப் பற்றிக் கடுமையாகப் பேசியது. 2006 ஆகஸ்டில், அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு கொலையுண்ட ஒரு சிறுமியைத் தாமே கொன்றதாகக் கூறிய ஓர் அமெரிக்கர் பாங்காக்கில் பிடிபட்டார். அவர் முன்னர்க் கொரியாவிலும் ஆங்கிலம் கற்பித்தவர். மரபணுச் சோதனை அவர் கூற்றைப் பொய்யாக்கியது. இரண்டு வாரத்திற்குள் கொலைக் குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது. 2007 அக்டோபரிலோ நேர்ந்தது மெய்யான கொடுமை. சிறுவர்க்குப் பாலியல் தீங்கிழைத்ததற்காக அனைத்துலகக் காவல் அமைப்பாகிய இன்டர்போல் தேடிய கனடா நாட்டவர் ஒருவர், கொரியாவில் ஆசிரியராக இருந்தார் என்பது தெரியவந்தது. தாய்லாந்துக்குச் சென்ற அவர் அங்கே பிடிபட்டு, 2008ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். இன்டர்போலின் தேடலுக்குக் காரணமான படங்கள் வியட்நாமிலும் கம்போடியாவிலும் எடுக்கப்பட்டவை.

இவற்றைச் செய்தியாக்கியது பிழையன்று. குழந்தையை அயலார் ஒருவரிடம் ஒப்படைக்கும் பெற்றோர்க்கு உண்மையை அறியும் உரிமை உண்டு. 2006இல் பிடிபட்டவர்மீது அமெரிக்காவில் வேறொரு வழக்கு நிலுவையில் இருந்தது. அத்தகையவர் பள்ளிக்குள் எவ்வாறு புகுந்தார் என்று கேட்டது நியாயமே. ஆயின் பிழை எங்கே நேர்ந்தது?

மொழி செய்த மாற்றம்

‘தகுதியற்ற தாய்மொழிப் பயிற்றுநர்’ எனப் பொருள்படும் ஒரு தொடர் கொரியத் தலைப்புகளில் வழக்கமாயிற்று. தாய்மொழிப் பயிற்றுநர் என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைக் குறிக்கும். தொடக்கத்தில் ‘தகுதியற்ற’ என்பது இனமுள்ள அடை. தகுதியுடையோரும் உளர் என்பது அதனுள் அடங்கியிருந்தது. நாள்தோறும் அதே அடை அதே பெயரோடு ஒட்டி வரவே, வெண்டாமரை மறைந்து ஞாயிறு மட்டும் எஞ்சியது. படிப்போர் உள்ளத்தில் தகுதியின்மை அப்பெயரின் இயல்பாகவே பதிந்துவிட்டது.

அத்தொடர் எவற்றையெல்லாம் தன்னுள் அடக்கியது என்பதும் நோக்கத்தக்கது. கஞ்சா புகைத்தவர், போலிப் பட்டம் காட்டியவர், விசாவின்றிக் கற்பித்தவர், சிறுவர்க்குத் தீங்கிழைத்தவர், நோயுற்றவர் என இவ்வைவரும் ஒரே தலைப்பின்கீழ் நிறுத்தப்பட்டனர். விசா விதியை மீறியவரும் குழந்தைகளைச் சிதைத்தவரும் ஒரு தட்டில் வைக்கத்தக்கவரோ? நோய் குற்றமாகுமோ? வகைப்படுத்தும் அறிவு தளர்ந்த இடத்தில்தான் அச்சம் கொழுத்து வளர்கிறது.

இதற்கு எதிர்ச்சான்று அதே 2007ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதாகக் கூறிவந்த கொரியப் பேராசிரியை ஒருவரின் பொய் வெளிப்பட்டு, நாடே அதிர்ந்தது. பின்னர்ப் புகழ்பெற்ற வேறு சிலரின் பட்டங்களும் பொய்யெனத் தெரியவந்தன. அப்போது எழுந்த விவாதம் பட்டத்தை வழிபடும் சமுதாயத்தின் நோயைப் பற்றியதாக இருந்தது. கொரியப் பேராசிரியர் அனைவரும் பொய்யர் என எவரும் முடிவுகட்டவில்லை. தம்மவர் தவறினால் சமுதாயத்திலே காரணம் தேடப்படுகிறது. அயலார் தவறினால் அவர் பிறப்பிலே தேடப்படுகிறது. செய்தி மொழியின் ஓரவஞ்சனை இதனினும் தெளிவாக விளங்குதல் அரிது.

செய்திகளில் விடுபட்டது தொகுதியெண். ‘ஆசிரியர் மூவர் கைது’ என்னும் செய்தி, எத்தனை ஆயிரவருள் மூவர் என்று சொல்லாதவரை அரைச்செய்தியே. காவல்துறைக் கணக்கை மக்கள்தொகையோடு ஒப்பிட்ட கொரிய ஆய்வுகள், அந்நாட்டில் வாழும் அயல்நாட்டாரின் குற்ற விகிதம் கொரியரின் விகிதத்தினும் குறைவெனக் காட்டியுள்ளன. இவ்வுண்மை தலைப்பேறியது அரிது. கைதுகளோ உடனுக்குடன் தலைப்பேறின.

தலைப்பிலிருந்து சட்டத்திற்கு

அடைமொழி ஏட்டோடு நின்றிருப்பின் அது நடைபற்றிய குறையாகவே கழிந்திருக்கும். ஆனால், 2007 டிசம்பரில் ஈ-2 விசாவுக்குப் புதிய விதிகள் வந்தன. குற்றப் பதிவுச் சான்றிதழ், போதைப்பொருட் சோதனை, எச்.ஐ.வி. சோதனை ஆகியவை கட்டாயமாயின. குற்றப் பதிவைக் கேட்டது முறையே. எச்.ஐ.வி. சோதனைக்கும் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு? கற்பிப்பதால் அக்கிருமி பரவுவதில்லை. கொரிய ஆசிரியர்க்கும் அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த கொரிய மரபினர்க்கும் அச்சோதனை இல்லை. நோய்த்தடுப்பே நோக்கமாயின் இவ்வேறுபாடு எதற்கு?

இதற்கு விடை உல்சான் நகரில் எழுந்த வழக்கிலே கிடைத்தது. நியூசிலாந்து நாட்டு ஆசிரியை ஒருவர் 2009ஆம் ஆண்டு மறுமுறை சோதனைக்கு இசைய மறுத்தமையால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அச்சோதனை அயல்நாட்டு ஆங்கில ஆசிரியரின் ஒழுக்கத்தையும் பண்பையும் அறியும் வழியாகக் கருதப்படுகிறது என்று கல்வி அலுவலகத்தின் சார்பில் கூறப்பட்டது. குருதியில் ஒழுக்கத்தைத் தேடிய விந்தை இது! ஐக்கிய நாட்டு இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, 2015 மே மாதம், அவருடைய உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டு ஈ-2 ஆசிரியர்க்குரிய எச்.ஐ.வி. சோதனை நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு கொரிய நீதிமன்றமொன்று அவருக்கு இழப்பீடு வழங்குமாறு அரசைப் பணித்தது. ஒரு தொடர் பரப்பிய ஐயம் சட்டத்திலிருந்து நீங்கப் பத்தாண்டுகள் ஆயின.

அச்சட்டம் குழந்தைகளை எவ்வளவு காத்தது என்றும் எண்ணுதல் வேண்டும். காவல் என்பது பணியை நோக்கி அமைய வேண்டும். குழந்தைகளோடு பழகும் எவராயினும் அவருடைய கடந்த காலத்தை ஆராய்தல் தகும். பிறந்த நாட்டை நோக்கி அமையும் காவல், குற்றமற்ற பலரை வாட்டுவதோடு, அக்கூட்டத்தைச் சேராத குற்றவாளியைக் கண்டுகொள்ளாமலும் விட்டுவிடும். ஆதலின், அடைமொழியை ஆராயாமை அறத்திற்கு மட்டுமன்றிக் குழந்தைகளின் பாதுகாப்பிற்கும் ஊறு விளைவிப்பதாகும்.

சொல்பவர் யாராயினும் சொல்லிய பொருளில் உள்ள மெய்யைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. அந்நெறியைச் செய்தியேட்டிலும் பழக்குதல் தமிழாசிரியர்க்கு எளிது. கருவி அவர் கையிலேயே உள்ளது. குற்றச் செய்தி ஒன்றை மாணவரிடம் கொடுத்து மூன்று வினாக்களைக் கேட்கலாம். இவ்வாக்கியத்தின் எழுவாய் ஒருவரா, ஓர் இனமா? இதில் வரும் அடை இனமுள்ளதா, இனமில்லாததா? எத்தனை பேருள் எத்தனை பேர் என்பது சொல்லப்பட்டிருக்கிறதா? இவற்றிற்கு விடை காணப் பழகிய மாணவன், எந்நாட்டு ஏட்டைப் படித்தாலும், ஒருவர் செய்த குற்றத்தை ஓர் இனத்தின் மேல் ஏற்றத் துணியான்.