மார்ச் சொன்னதும் மே சொன்னதும்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒவ்வொரு பிப்ரவரியிலும் சொந்த ஊர்ப் பனியை விட்டு ஃபுளோரிடாவின் பிராடென்டனுக்கு இறங்கிவிடும். 1969-லிருந்து இதே ஊர்தான். 2024-ல் அங்கே கூடிய முகாமிலிருந்து மூன்று இளைஞர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் ஹென்றி டேவிஸ், கேட்சர். 2021 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் பெயராக அழைக்கப்பட்டவர். முந்தைய ஆண்டே மேஜர் லீகைத் தொட்டிருந்தாலும், அங்கே அவரைப் பெரும்பாலும் வலது ஓரத்தில் ஃபீல்டிங்குக்குத்தான் நிறுத்தினார்கள். கேட்சராக இடம் பிடிக்க இதுவே நேரம். இரண்டாமவர் பால் ஸ்கீன்ஸ், பிட்சர். 2023 டிராஃப்டின் முதல் தேர்வு. கையெழுத்துப் போட்டதற்கே 92 லட்சம் டாலர் வாங்கினார்; டிராஃப்டில் அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை. மூன்றாமவர் ஜாரெட் ஜோன்ஸ், இவரும் பிட்சர். 2020-ல் இரண்டாம் சுற்றில் வந்தவர். 22 வயது. முதல் இருவரைப் பற்றி எழுதப்பட்டதில் கால்வாசிகூட இவரைப் பற்றி எழுதப்பட்டிருக்காது.

முகாம் முடிந்தது. டேவிஸும் ஜோன்ஸும் பைரேட்ஸ் அணியோடு கிளம்பினார்கள். ஸ்கீன்ஸை இண்டியானாபொலிஸுக்கு, மைனர் லீகின் உச்சிப் படியான ட்ரிபிள்-ஏ அணிக்கு அனுப்பினார்கள். பிறகு நடந்தது இது. ஜோன்ஸ் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்திலேயே, மார்ச் 30 அன்று மயாமியில், பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். டேவிஸ் பந்தைத் தொட முடியாமல் திணறி, மே தொடக்கத்தில் கீழே அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு மொத்தத்தில் அவருடைய சராசரி .144, ஒரே ஒரு ஹோம் ரன். ஸ்கீன்ஸ் மே 11 அன்று மேலே வந்தார், 23 ஆட்டங்களைத் தொடங்கினார், 133 இன்னிங்ஸில் 170 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று பார்த்தால் 1.96. நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான்.

மூவரில் ஒருவரைப் பற்றித்தான் மார்ச் சரியாகச் சொன்னது. வசந்தகால முகாமில் மைனர் லீக் பையன்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. என் வாதம் வேறு. மார்ச் மாதத்து ஸ்கோர்கார்டு வீரரைப் பற்றிச் சொல்வது குறைவு. யாரை எங்கே நிறுத்துகிறார்கள், எப்போது அனுப்புகிறார்கள் என்பது நிர்வாகத்தைப் பற்றிச் சொல்வது அதிகம். பார்க்க வேண்டியது அதைத்தான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கிரிக்கெட்டில் ரஞ்சி அணி மாநிலச் சங்கத்தினுடையது, இந்திய அணி வாரியத்தினுடையது. அமெரிக்காவில் அப்படியில்லை. கீழ்ப் படியில் ஆடும் பையனும் மேஜர் லீக் அணியிடம் சம்பளம் வாங்கும் ஆள்தான். பைரேட்ஸின் ஏணியில் பிராடென்டன் மராடர்ஸ், கிரீன்ஸ்போரோ கிராஸ்ஹாப்பர்ஸ், அல்டூனா கர்வ், இண்டியானாபொலிஸ் இந்தியன்ஸ் என்று நான்கு படிகள். மேலே 26 பேருக்கு மட்டுமே இடம். கீழே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பதினைந்து அணிகள் ஃபுளோரிடாவிலும் பதினைந்து அணிகள் அரிசோனாவிலும் முகாமிட்டுத் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் இந்தச் சில வாரங்களில்தான் எல்லாப் படிகளிலும் இருப்பவர்கள் ஒரே ஊரில் சேர்ந்திருப்பார்கள்.

இனி மார்ச் மாதத்துச் சராசரிக்கு வருவோம். ஒரு இளைஞருக்கு முகாமில் நாற்பது முறை பேட் பிடிக்க வாய்ப்புக் கிடைத்தால் அதிர்ஷ்டசாலி. நாற்பதில் பன்னிரண்டு ஹிட் என்றால் .300, நட்சத்திரம். பத்து என்றால் .250, சுமார். நடுவில் இருப்பது இரண்டே இரண்டு பந்துகள். அவை ஃபீல்டரின் கையுறைக்கு எட்டாமல் மெதுவாக விழுந்தவையாகவும் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், எதிரில் நின்று பந்து போட்டது யார் என்பது. ஆட்டத்தின் முதல் பாதியில்தான் பெரிய பிட்சர்கள். ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு வருபவர் பெரும்பாலும் தொண்ணூறுகளில் எண் போட்ட சட்டையோடு வரும் மைனர் லீக் பையன். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் இதற்காகவே முகாம் ஆட்டங்களில் எதிராளியின் தரத்தை 10-க்கு இத்தனை என்று கணக்கிட்டுத் தருகிறது. 10 என்றால் மேஜர் லீக் தரம், 8 என்றால் ட்ரிபிள்-ஏ. சராசரிக்கு முன்னால் அந்த எண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெரிய பிட்சர்களையே எதிர்கொண்டாலும் ஏமாற இடமுண்டு. பத்தாண்டு அனுபவமுள்ள பிட்சர் மார்ச்சில் ஜெயிக்க வருவதில்லை. புதிதாகக் கற்ற பந்து ஒன்றை இருபது தடவை போட்டுப் பார்க்க வருகிறார். அடி வாங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. அடித்த பையனுடைய கணக்கில் மட்டும் அது ஹோம் ரன்னாக ஏறிவிடும்.

2011-ல் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஜேக் ஃபாக்ஸ் முகாமில் பத்து ஹோம் ரன் அடித்தார். சீசனில் அடித்தது இரண்டு. 2013-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் மார்ச்சில் .419 அடித்து நகரத்தையே கிறங்க வைத்து முதல் நாள் அணியில் இடம் பிடித்தார். ஏப்ரல் சராசரி .097. (பிற்பாடு நன்றாகவே ஆடினார், அது தனிக்கதை.)

அப்படியானால் முகாமே வெறும் வேடிக்கையா? இல்லை. 2001-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் முகாமுக்கு வந்த ஆல்பர்ட் புஹோல்ஸ் 13-வது சுற்றில் எடுக்கப்பட்டவர், அதற்கு முந்தைய ஆண்டில் பெரும்பகுதியைக் கீழ்ப் படியில் கழித்தவர். அவரை மேலே கொண்டுபோகும் திட்டம் யாருக்கும் இல்லை. முகாமில் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பாபி போனியா காயப்பட்டதும் இடம் திறந்தது. அந்த சீசன் .329, 37 ஹோம் ரன், 130 ரன் ஈட்டல். ஆனால் புஹோல்ஸ் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவரை மூன்றாம் பேஸ், முதல் பேஸ், இடது ஓரம், வலது ஓரம் என்று எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. அவர் பேட்டைப் போலவே அந்த வசதியும் அவரை உள்ளே கொண்டுவந்தது.

இதே விஷயம் 2024-ல் அரிசோனாவிலும் நடந்தது. சான் டியேகோ பாட்ரஸின் ஜாக்சன் மெரில் பிறவி ஷார்ட்ஸ்டாப். ட்ரிபிள்-ஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், 20 வயது. முகாமில் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார்கள். அந்த ஒரு நகர்த்தலைக் கவனித்திருந்தால் போதும், மிச்சம் புரிந்துவிடும்: பையனைக் கீழே அனுப்பும் எண்ணம் இருந்தால் புது இடத்தை மார்ச்சில் அவசர அவசரமாகக் கற்றுத்தரமாட்டார்கள். மார்ச் 20 அன்று சியோலில் நடந்த தொடக்க ஆட்டத்திலேயே மெரில் இறங்கினார். சீசன் முடிவில் .292, 24 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் ஸ்கீன்ஸுக்கு அடுத்த இடம்.

பிட்சர்களை எடைபோடுவது இன்னும் சுலபம். வேகத்துக்கு எதிராளி தேவையில்லை. மணிக்கு 97 மைல் என்றால் எதிரில் யார் நின்றாலும் 97தான். ஜோன்ஸிடம் அந்த வேகம் இருந்தது. கூடவே, அந்த மார்ச்சில் அவர் எதிராளிக்கு பேஸைச் சும்மா கொடுக்காமல் பந்தை ஸ்ட்ரைக் கட்டத்துக்குள்ளேயே போட்டார். வேகமும் கட்டுப்பாடும் ஏப்ரல் வரை கூடவே வரும் குணங்கள். டேவிஸின் பேட்டில் தெரிந்தது அப்படிக் கூட வரும் சரக்கில்லை. மூவரில் ஜோன்ஸை மட்டும் மார்ச் சரியாகக் காட்டியதற்கு இதுதான் காரணம். வேகத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 2025-ல் அவர் முழங்கைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

உண்மையான வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வாங்கிப் போகும் லீகாம் பார்க் மைதானத்தைவிட, சில மைல் தள்ளியிருக்கும் பைரேட் சிட்டி வளாகத்தின் பின்பக்க மைதானங்கள்தான் இடம். இருக்கை கிடையாது, அறிவிப்பாளர் கிடையாது. ராடார் துப்பாக்கியோடு நாலைந்து ஸ்கவுட்டுகள், ஏஜென்ட் ஒருவர், வீரர்களின் பெற்றோர் சிலர். விதிகள்கூட இங்கே வளையும். பிட்சர் அன்றைக்குப் போட வேண்டிய பந்துகளைப் போட்டு முடித்தால் மூன்று அவுட் ஆகாமலே இன்னிங்ஸை 'உருட்டி' விடுவார்கள். காயத்திலிருந்து திரும்பும் பேட்டருக்கு ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதல் ஆளாக இறங்க அனுமதி உண்டு. ஸ்கோரை யாரும் கேட்பதில்லை. பெரிய ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் உதவட்டும் என்று இங்கிருந்து தினமும் சிலரை அழைத்துப்போவார்கள். அவர்களுக்கு 'ஜஸ்ட் இன் கேஸ்' வீரர்கள் என்றே பெயர். சட்டையில் எண் இருக்கும், பெயர் இருக்காது.

இந்தப் பின்பக்க மைதானங்களில் இரண்டு இந்தியர்களும் பயிற்சி செய்திருக்கிறார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்கள். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாகப் பந்தெறிந்து, 2008-ல் பைரேட்ஸுடன் ஒப்பந்தம் போட்டவர்கள். இவர்கள் கதையைச் சொன்ன 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்துக்கு நம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்தார் என்பது வரை தமிழ் வாசகருக்குத் தெரியும். தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டதும், ரிங்கு ஏணியின் கீழ்ப் படிகளைத் தாண்டாமல் முழங்கைக் காயத்தோடு மல்யுத்தத்துக்குப் போனதும் அந்த அளவுக்குத் தெரியாது. இந்த ஏணியில் ஏறும் பெரும்பாலோரின் கதை இந்த இருவருடையதுதான், ஸ்கீன்ஸுடையது விதிவிலக்கு. முகாம் வாரங்களில் மைனர் லீக் வீரர்களுக்குச் சம்பளமே கொடுக்காத வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. வழக்குப் போட்டார்கள், 2022-ல் லீக் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டு சங்கம் அமைத்தார்கள். 2023-ல் வந்த முதல் ஒப்பந்தம் ட்ரிபிள்-ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்த்தியது.

இப்போது ஸ்கீன்ஸ் கேள்வி. அவ்வளவு திறமை இருந்தும் ஏன் இண்டியானாபொலிஸ்?

நிர்வாகத்துக்குச் சொல்ல நியாயம் இருந்தது. எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்துக்காக 2023-ல் 122 இன்னிங்ஸுக்கு மேல் போட்ட கை அது. தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை போட்டது ஏழு இன்னிங்ஸுக்கும் குறைவு. ஏப்ரலிலேயே முழு வேகத்தில் ஓடவிட்டால் செப்டம்பரில் என்ன மிஞ்சும் என்று கேட்டால் மறுக்க முடியாது. ட்ரிபிள்-ஏவில் அவரைக் குறைந்த பந்துகளோடும் கூடுதல் ஓய்வோடும்தான் ஆட வைத்தார்கள். ஏழு ஆட்டங்கள், 27.1 இன்னிங்ஸ், 45 ஸ்ட்ரைக் அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.99 ரன். அங்கே அவர் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் அமெரிக்க ரசிகர் எவரும் அந்த விளக்கத்தை அப்படியே ஏற்பதில்லை. சர்வீஸ் டைம் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சீசனில் 172 நாள் மேலே இருந்தால் ஓர் ஆண்டு. ஆறு ஆண்டு சேர்ந்தால் வீரர் சுதந்திரமாக வேறு அணியோடு பேரம் பேசலாம். முதல் ஆண்டில் இரண்டு மூன்று வாரம் கீழே வைத்திருந்தால் அணிக்கு அவர் ஏழாவது ஆண்டும் கிடைப்பார். 2015-ல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையண்ட் முகாமில் ஒன்பது ஹோம் ரன் அடித்துவிட்டு அயோவாவில் இருக்கும் ட்ரிபிள்-ஏ அணிக்குப் போனதும், ஏப்ரல் 17 அன்று திரும்பியதும், சீசன் முடிவில் 171 நாட்களோடு நின்றதும் இந்தக் கணக்கால்தான் என்று வீரர்கள் வழக்காடினார்கள், தோற்றார்கள்.

லீகும் மேஜர் லீக் வீரர் சங்கமும் 2022-ல் போட்ட ஒப்பந்தம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. முன்னணி இளம் வீரரை முதலிலிருந்தே மேலே வைத்து, அவர் சிறந்த புதுமுகம் ஆனால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஒரு தேர்வு. ஹூலியோ ரோட்ரிகஸை 2022 முதல் நாளே இறக்கிய சியாட்டில் மரினர்ஸுக்கு அது கிடைத்தது. தாமதமாகக் கொண்டுவந்தாலும், அந்த வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வரும் வீரருக்கு முழு ஆண்டு சர்வீஸ் டைம் தானாக ஏறிவிடும்.

காத்திருப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2024 மார்ச்சில் பிராடென்டனிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கும் சரசோட்டாவில், 2022 டிராஃப்டின் முதல் தேர்வான ஓரியோல்ஸின் ஜாக்சன் ஹாலிடே .311 அடித்தும் கீழே அனுப்பப்பட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 10 அன்று மேலே வந்தார். 34 முறை பேட் பிடித்து இரண்டு ஹிட். இரண்டு வாரம் கழித்து மறுபடி கீழே. பைரேட்ஸின் அடுத்த பெரிய பெயரான கானர் கிரிஃபினும் பொறுமைக்குச் சாட்சி. 2024-ல் ஒன்பதாவது தேர்வாக வந்தபோது பேட்டிங்கில் ஓட்டை இருக்கிறது என்று ஸ்கவுட்டுகள் சந்தேகப்பட்டார்கள். 2025-ல் பிராடென்டன், கிரீன்ஸ்போரோ, அல்டூனா என மூன்று படி ஏறி 122 ஆட்டங்களில் .333, 21 ஹோம் ரன், 65 பேஸ் திருட்டு. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது 122 ஆட்டங்கள். நாற்பது வாய்ப்புகளால் அது முடிந்திருக்காது.

ஸ்கீன்ஸ் விஷயத்தில் மட்டும் கணக்கு நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டது. 2024-ல் பைரேட்ஸ் 76 வெற்றி, 86 தோல்வி. முந்தைய ஆண்டும் அதே எண்கள்தான். முதல் ஆறு வாரம் அவர் இண்டியானாபொலிஸில் இருந்தார். சிறந்த புதுமுகம் ஆனதால் முழு ஆண்டு சர்வீஸ் டைம் அவருக்கு ஏறிவிட்டது. அணிக்குக் கூடுதல் ஆண்டு மிஞ்சவில்லை. முதலிலிருந்து மேலே வைக்காததால் டிராஃப்டில் கூடுதல் தேர்வும் கிடைக்கவில்லை. இப்போதுள்ள விதிப்படி, 2029 சீசன் முடிந்ததும் பால் ஸ்கீன்ஸ் எந்த அணியோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம்.