மிமிக்கு இல்லாத தகுதி

இலட்சுமண் உத்தேகர் இயக்கி 2021இல் வெளிவந்த ‘மிமி’ என்னும் இந்திப்படம் வாடகைத் தாய்மை பற்றியது. அமெரிக்கத் தம்பதியரின் கருவைச் சுமக்க இசைகிறாள் இராசஸ்தானத்து நடனப்பெண் ஒருத்தி. குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் தம்பதியர் அவளைக் கைவிட்டு அகலுகின்றனர். இவ்விடம்வரை படம் நம்மை உலுக்குகிறது. ஆனால் பிறப்பதோ குறையேதுமற்ற குழந்தை! குறையுடன் பிறந்திருப்பின் என்னாகும் என்ற வினாவினின்று இயக்குநர் நழுவிவிட்டார் என்றே கூறுவோம். கிருத்தி சனோனுக்குக் கிடைத்த தேசிய விருது தகும். கதைமுடிவுக்கு அவர் பொறுப்பல்லர்.

2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மிமிக்குத் தகுதியே இல்லை. மணமாகி, சொந்தக் குழந்தை உடையவளாய், 25 முதல் 35 வயதுக்குள் இருப்பவளே, வாழ்வில் ஒரே முறை, பிறர்க்காகக் கருச்சுமக்கலாம். உடல்நல, உளநலச் சான்றுகள் வேண்டும். மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவையன்றிக் கூலி கூடாது. எக்குறை கண்டும் குழந்தையைக் கைவிடலாகாது என்றும் சட்டம் விதிக்கிறது. படம் நழுவவிட்டதைச் சட்டம் பற்றிக்கொண்டது.

ஆயினும், தென்காசி வட்டாரத்தில் பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் தாய்மாரும், குற்றாலச் சாரல் ஓய்ந்ததும் பிழைப்பு ஓயும் பெண்களும் பலர் இவ்வயதினரே. ஆகாரிடம் இசைவு கேட்டதாகத் தொடக்கநூல் கூறவில்லை. இச்சட்டமோ எழுத்துவழி இசைவு கேட்கிறது. நன்று. அவ்விசைவின் பின்னே நிற்கும் கடனைப் பற்றித் தகுதிப் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. மிமி பணத்திற்காகவே இசைந்தாள் என்பதையேனும் படம் ஒளிக்கவில்லை.