நாவல் என்னும் சொல்லும் நம் சரித்திரங்களும்

தலைநகரில் எனக்கு அறிமுகமான ஒரு தமிழ்க் குடும்பத்தில் நிகழ்ந்தது இது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டியிடம், பள்ளிவிட்டு வந்த பேரன், “பாட்டி, இன்னிக்கு ஸ்கூல்ல ஒரு உபந்நியாசம் படிச்சோம்” என்றான். பாட்டிக்கு மட்டற்ற மகிழ்ச்சி. “பேஷ்! இராமாயணமா, பாகவதமா? பண்ணினது யாரு?” என்று கேட்டார். “பிரேம்சந்த், பாட்டி. ‘நிர்மலா’ன்னு பேரு” என்று விடை வந்தது. பாட்டி விழித்தார், பேரனும் விழித்தான். இருவர் நாவிலும் இருந்தது ஒரே சொல். இருவர் கொண்ட பொருளும் சரியே. ஆயினும் இடையே ஒரு மதில் எழுந்துவிட்டது.

பிள்ளைகள் ஒரு மொழியில் கற்று, மற்றொரு மொழியில் விளையாடி, வீட்டில் தமிழ் பேசும் நம் போன்றோர் இல்லங்களில் இத்தகைய மதில்கள் நாள்தோறும் எழுகின்றன. இவற்றை நகைத்துக் கடந்துவிடலாம். நின்று ஆராயவும் செய்யலாம். ‘நாவல்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லை இந்திய மொழிகள் எவ்வாறு ஏற்றன என்று ஆராயப் புகுந்தால், நம் உரைநடை இலக்கியத்தின் தொடக்கத்தைப் பற்றியே ஓர் உண்மை புலப்படுகிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்காளிகள் நாவலை ‘உபந்யாஸ்’ என்றனர். இந்தி, ஒரியா, அஸ்ஸாமிய மொழிகளிலும் அச்சொல்லே வழங்குகிறது. அருகே வைத்தல், எடுத்து முன்வைத்தல் என்பன அவ்வடசொல்லின் பொருள்கள். தமிழிலோ அது சமயச் சொற்பொழிவு. தெலுங்கிலும் கன்னடத்திலும் பொதுவான சொற்பொழிவு. மராத்தியரும் கன்னடரும் நாவலைக் ‘காதம்பரி’ என்பர். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் விளங்கிய பாணபட்டர் இயற்றிய வடமொழி உரைநடைக் காவியத்தின் பெயர் அது. அதன் தலைவியின் பெயரும் அதுவே. ஒரு நூலின் பெயரே ஓர் இலக்கிய வகைக்குப் பெயராகிவிட்டது. குஜராத்தியர் ‘நவல்கதா’ என்றனர். தெலுங்கர் ‘நவல’ என்றனர். புதுமையைக் குறிக்கும் ‘நவ’ என்பதும், ஆங்கிலச் சொல்லின் ஓசையும் அவற்றில் ஒருங்கே ஒலிக்கின்றன. உருதுவும் மலையாளமும் ஆங்கிலச் சொல்லையே கைக்கொண்டன. சந்துமேனோன் தமது ‘இந்துலேகா’வை (1889) ஆங்கில நாவலின் மாதிரியில் எழுதிய கதை என்றே வாசகர்க்கு அறிமுகம் செய்தார்.

தமிழ் என்ன செய்தது? இன்று நாம் ‘நாவல்’ என்கிறோம். ‘புதினம்’ என்றும் எழுதுகிறோம். ஆனால் நம் முன்னோடிகள் தம் நூல்களின் தலைப்பில் இட்ட பெயர் வேறு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்டது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. ராஜமையர் 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதி, 1896இல் நூலாக வந்தது ‘கமலாம்பாள் சரித்திரம்’. அ. மாதவையா 1898இல் அளித்தது ‘பத்மாவதி சரித்திரம்’. மூன்றும் சரித்திரங்களே. தெலுங்கின் முன்னோடி நாவலாகிய கந்துகூரி வீரேசலிங்கத்தின் ‘ராஜசேகர சரித்திரமு’வும் (1880) அப்பெயரே பூண்டது.

நாவல் என்னும் வகைக்குப் பெயர் வைக்கவும் தெரியாமல், கற்பனைக் கதையைச் சரித்திரம் என்று மயங்கினார்கள் என இதனைக் குறையாகச் சொல்வாருண்டு. அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. ஆங்கில நாவலின் தொடக்கத்தை நோக்குவோம். ரிச்சர்ட்சன் 1748இல் முடித்த ‘கிளாரிஸா’, ஓர் இளம்பெண்ணின் சரித்திரம் என்றே தலைப்பில் கூறிக்கொள்கிறது. பீல்டிங் 1749இல் எழுதியது டாம் ஜோன்ஸின் சரித்திரம். ‘நாவல்’ என்ற சொல்லும் ஆங்கிலேயரின் சொந்தச் சரக்கன்று. புதியது என்னும் பொருளுடைய லத்தீன் அடியிலிருந்து இத்தாலிய மொழி வழியே வந்தது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அச்சொல்லை ஏலாது ‘ரோமான்’ என்றே வழங்குகின்றனர். ஆகவே தம் கதையைச் சரித்திரம் என்றழைத்த வேதநாயகர், நாவல் பிறந்த இடத்தில் அது எந்தப் பெயரோடு பிறந்ததோ அந்தப் பெயரையே இட்டார். அரசர் சரித்திரமும் அடியார் சரித்திரமும் கேட்டுப் பழகிய மக்களுக்கு, ஒரு சாதாரணக் குடும்பத்தாரின் வாழ்வும் சரித்திரமாகத் தக்கதே என்று அச்சொல் அறிவித்தது. அது சிறு துணிவன்று.

அத்தலைப்பு தந்த வாக்குறுதியை நூல்கள் எவ்வளவு நிறைவேற்றின என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி. ‘பிரதாப முதலியார்’ பாதியளவே நிறைவேற்றியது எனலாம். நகைச்சுவையும் நடையோட்டமும் நிறைந்த நூல் அது. ஆயினும் கிளைக்கதைகளும் நீதியுரைகளும் இடைமறிக்கின்றன. ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு நாடாளும் பகுதி, சரித்திரத்தை விட்டுப் பழைய அற்புதக் கதைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் ஒரு பெண்ணின் அறிவை ஆசிரியர் போற்றும் திறம் அங்கேதான் ஓங்கி நிற்கிறது என்பதையும் மறத்தலாகாது. ‘கமலாம்பாள்’ முற்பகுதியில் சிறுகுளம் என்னும் ஊரே உயிர்பெற்று எழுகிறது. அதன் வம்புப் பேச்சும் ஜல்லிக்கட்டும் அம்மையப்ப பிள்ளையும் நம் கண்முன் நிற்கின்றன. பிற்பகுதி வேதாந்தத்தில் அடைக்கலம் புகுகிறது. ‘பத்மாவதி’யில் திருநெல்வேலிச் சீமையின் குடும்ப வாழ்க்கை, அலங்காரம் குறைந்து, கண்டது கண்டபடி வருகிறது. இருபது ஆண்டுகளுக்குள் ‘சரித்திரம்’ என்ற சொல் தன் பொருளைச் சிறிது சிறிதாக ஈட்டிக்கொண்டதை இம்மூன்றும் காட்டுகின்றன.

இனி, தமிழகத்துக்கு வெளியே வாழ்வோர்க்கே எளிதில் புலப்படக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘சரித்திரம்’ என்பதை அப்படியே இந்தியில் வைத்தால் என்ன பொருள் தரும்? இந்தியில் ‘சரித்ர’ என்றால் ஒருவரது ஒழுக்கம், குணம். மராத்தியிலோ அது வாழ்க்கை வரலாறு. வரலாற்றுக்கு இந்தியர் வழங்கும் சொல் ‘இதிஹாஸ்’. நமக்கோ இதிகாசம் என்றால் இராமாயணமும் பாரதமும். எனவே ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்று கேட்கும் இந்தி வாசகர், கமலாம்பாளின் ஒழுக்கத்தைப் பற்றிய நூல் என்றே எண்ணுவார்.

இது பிழையான புரிதலா? ராஜமையர் தம் நூலுக்கு இட்ட முழுப்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பதாகும். கமலாம்பாளின் ஒழுக்கத்தின்மேல் ஊர் சுமத்திய அபவாதமே அக்குடும்பத்தைக் குலைக்கிறது. பத்மாவதியின் துயரமும் கணவன் நாராயணன் அவள் ஒழுக்கத்தில் ஐயுற்றதால் விளைந்ததே. தமிழ்க் காதுக்கு வரலாறு என்று மட்டும் ஒலித்த சொல், அண்டை மொழியின் காதில் அக்கதைகளின் உள்ளீட்டையே உரைத்துவிடுகிறது. வடமொழியில் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதப் புகுந்தவர் அவள் ஒழுக்கத்தின்மேல் எழுந்த ஊர்ப்பேச்சையே எழுத நேர்ந்தது என்பது, அக்காலச் சமூகத்தின்மீது அந்நூல்கள் கூறும் தீர்ப்பாகும். இதனை நான் உணர்ந்தது அகராதியால் அன்று, இந்தி பேசும் நண்பர் ஒருவர் தலைப்பைக் கேட்டுவிட்டு, “அவள்மீது என்ன பழி?” என்று வினவியபோதுதான்.

மொழிபெயர்ப்போர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒலி ஒத்த சொல்லை நம்பி எடுத்து வைத்தால் பாட்டியும் பேரனும் விழித்ததுபோல் வாசகரும் விழிப்பர். அஞ்சி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியே கொண்டுவந்தால், சொற்களுக்குள் உறையும் இத்தகைய உறவுகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். அண்டை மொழியை நேரே கற்றவர் செய்யும் மொழிபெயர்ப்பு அதனாலேயே உயர்ந்தது. மராத்தியிலிருந்து காண்டேகரைத் தந்த கா. ஸ்ரீ. ஸ்ரீ.யும், வங்காளியிலிருந்து பல நூல்களைத் தந்த த. நா. குமாரஸ்வாமியும் அவ்வழி நின்றவர்கள்.

“உங்கள் மொழியில் நாவலுக்குச் சொந்தச் சொல் கிடையாதா?” என்று நம் பிள்ளைகளை யாரேனும் கேட்டால் அவர்கள் தலைகுனிய வேண்டுவதில்லை. ‘புதினம்’ உண்டு, அது ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளையே தமிழில் தருகிறது. ஈழத்தமிழர் நாவில் அதே சொல் செய்தியைக் குறிக்கும் என்பதையும் அவர்கள் அறிந்திருப்பது நன்று. ‘நாவல்’ என்பதும் நம்முடையதாகிவிட்ட சொல்லே. இவ்விரண்டுக்கும் முன்னே ‘சரித்திரம்’ என்ற பெயரில் நம்மவர் எழுதிக் காட்டினார்கள் என்பதைச் சொல்ல மட்டும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதற்கு அந்நூல்களை அவர்கள் படித்திருக்க வேண்டும்; அவை முதலில் நம் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும்.

அந்தப் பாட்டி ஊர் திரும்புமுன், பேரன் அவருக்கு ‘நிர்மலா’வின் கதையைத் தமிழில் சொல்லி முடித்தான். வயதான ஒருவருக்கு மணம் முடிக்கப்பட்டு, கணவனின் ஐயத்தால் வாடும் இளம்பெண்ணின் கதை அது. கேட்டு முடித்த பாட்டி, “இதுவும் உபந்நியாசந்தான்” என்றாராம்.