பெயரிலேயே தீர்ப்பு

நையாண்டி என்றால் கேலி. அதிலும் நாகஸ்வரமும் தவிலும்தான் வாசிக்கப்படுகின்றன. ஆனால் பம்பையும் உறுமியும் சேர்ந்துகொண்டு, முன்னால் கரகமும் ஆடப்பட்டால் அது பெரிய மேளம் இல்லை, நையாண்டி மேளம். இதே தாமிரபரணிக் கரையின் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) வாசித்ததைப் பற்றிப் பேச நம்மிடம் ரசனை உண்டு, பாஷை உண்டு. மற்றதற்குப் பெயரே தீர்ப்பாகிவிட்டது.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இந்த மேளத்தைக் கேட்டபோது, கிழக்கு ஐரோப்பாவின் யூதக் கல்யாண வாத்தியக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிளெஸ்மர் என்று பெயர். இசைக்கருவி என்று பொருள்படும் ஹீப்ருச் சொற்களிலிருந்து பிறந்த வார்த்தை. யூத சங்கீதக்காரர்களுக்குள்ளேயே அது வசவாகவும் இருந்தது: ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரியாதவன், கல்யாண வீட்டுக்கு மட்டும் லாயக்கானவன். அந்தக் கல்யாண வீடுகளை நாஜிகள் ஊர் ஊராக அழித்தார்கள். குடியேறிய அமெரிக்காவில் சந்ததிகள் மறந்தார்கள். 1970களில் இளைஞர்கள் சிலர் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் போனார்கள். 1985 முதல் 2014 வரை ‘கிளெஸ்காம்ப்’ என்று வருஷந்தோறும் கூடினார்கள்.

இதைப் பாரம்பரியக் கொண்டாட்டம் என்று சொல்வது பாதி உண்மைதான். கொண்டாட்டத்துக்கு முன்னால் கேட்பது நடந்தது. நஃப்தூல் பிராண்ட்வைனின் கிளாரினெட் வேறு, டேவ் டாராஸின் கிளாரினெட் வேறு என்று காது பிரித்தறிந்தது. ஒருவரிடம் கட்டுக்கடங்காத ஆவேசம். மற்றவரிடம் நறுவிசான சுத்தம். டாராஸ் 1989 வரை வாழ்ந்தார். அவர் முன் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் உண்டு.

நம் நிலைமை தலைகீழ். இங்கே கொடைகள் நிற்கவில்லை. சாமி வரவேண்டும், அதற்காக மேளக்காரர் அழைக்கப்படுகிறார். இப்போது பல ஊர்களில் அந்த இடத்துக்குக் கேரளத்துச் செண்டை வந்துவிட்டது. நகரத்து மேடையிலோ ‘மண்ணின் கலை’ என்று பொன்னாடை போர்த்துகிறோம். நையாண்டி என்று ஒதுக்கியதன் மறுபக்கம்தான் இந்தப் பொன்னாடை. இரண்டிலும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அன்றிரவு இரண்டு செட் மேளம். ஒன்றில் நாகஸ்வரக்காரர் சினிமாப் பாட்டைத்தான் வாசித்தார். ஆனால் உறுமியின் இழுவையோடு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, அருள் வந்தவரின் கால் தரையில் விழும்வரை காத்திருந்து இறக்கினார். மற்ற செட்டில் வேகமும் சத்தமும் மட்டுமே. ஆடியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது; அவர்கள் முதல் செட்டின் பக்கமாக நகர்ந்துவிட்டார்கள். அது விமர்சனம். எழுதுகிற நமக்குத்தான் அதற்கு வார்த்தை இல்லை.

பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் நல்ல வாசிப்பு, மோசமான வாசிப்பு என்ற பேச்சே எழாது. எந்தச் செட்டில் யார், எந்த இடத்தில், எப்படி வாசித்தார் என்று யாராவது ஒருவர் ஒரு பக்கம் எழுதட்டும். விழாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.