தகப்பனும் ஒழுங்கையும்

பிராங் மக்கோர்ட்டின் ‘அஞ்சலாவின் சாம்பல்’ (1996) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தகப்பனில் தொடங்கித் தகப்பனிலேயே முடித்துவிடுகிறார்கள். கிடைத்த சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கும் மனிதர், பட்டினி கிடக்கும் பிள்ளைகள். இந்த வாசிப்புப் பிழையல்ல, ஆனால் அரைகுறையானது.

இச்சுயசரிதையின் கனமான பக்கங்கள் அயர்லாந்தின் லிமெரிக் நகர ஒழுங்கைகளைப் பற்றியவை. 1930களில் அக்குடும்பம் குடியேறும் ரோடன் ஒழுங்கையில், வீட்டை ஒட்டியபடி ஒரு மலசலகூடம். அது ஒழுங்கை முழுவதற்குமானது. எல்லா வீட்டு வாளிகளும் இவர்கள் வாசலில்தான் வந்து கவிழ்கின்றன. மாரியில் கீழ்த்தளத்தில் வெள்ளம் ஏறுகிறது. குடும்பம் மேலே ஏறி, ஈரமில்லாத அந்த அறைக்கு இத்தாலி என்று பெயர் வைக்கிறது. (பகிடியாக எழுதியிருப்பதால் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம்.) தகப்பன் ஒரு துளி குடியாதவராக இருந்திருந்தாலும் அந்த வாளிகள் வந்துதானிருக்கும். பத்து வயதில் பிராங் தைபோயிட் காய்ச்சலில் சாகக் கிடக்கிறான். மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவும் அந்த நோயை எந்தத் தகப்பனின் கணக்கில் எழுதுவது?

விஞ்ஞானமும் நெடுநாள் இப்படித்தான் வாசித்தது. 1998இல் அமெரிக்காவில் ஃபெலிற்றி, அண்டா முதலியோர் வெளியிட்ட சான் டியேகோ ஆய்வு, சிறுவயதுத் துன்பங்களுக்கும் பிற்கால இருதய நோய் போன்றவற்றுக்குமுள்ள தொடர்பைக் காட்டியது. பெரிய காரியம்தான். ஆனால் அது கேட்ட ஏழுவகைத் துன்பங்களில் அயலின் வறுமைக்கு இடமில்லை. அடி, வீட்டிலொரு குடிகாரர், சிறைசென்ற ஒருவர் என்று அவை வீட்டையே சுற்றின. பிராங்கின் தகப்பன் அப்படிவத்தில் உடனே அகப்பட்டுவிடுவார். மலசலகூடம் அகப்படாது. அயலின் பாதுகாப்பின்மையையும், கண்ணால் கண்ட வன்முறையையும், பாகுபாட்டையும் சேர்த்துக் கேட்க 2012–13இல் பிலடெல்பியா ஆய்வு வரவேண்டியிருந்தது.

மக்கோர்ட் தகப்பனைத் தப்பவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யுத்தகாலத்தில் இங்கிலாந்துக்கு உழைக்கப்போன அயல் வீட்டு ஆண்கள் அனுப்பும் தந்திப்பணம் சனிக்கிழமைகளில் வருகிறது. அவ்வீட்டுப் பிள்ளைகள் வயிறாறச் சாப்பிடுகிறார்கள். பிராங் வீட்டில் காத்திருப்பு மட்டுமே. அயல் ஒன்று, பசி வேறுவேறு. என்றாலும் சாப்பிட்ட பிள்ளைகளும் அதே நாற்றத்துக்குள்தான் வளர்ந்தார்கள்.

நூல் மிகைப்படுத்தியதென்று லிமெரிக்வாசிகள் பலர் கோபித்தார்கள். என் குறை வேறு. 1949இல் பிராங் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான், நூலும் அவனோடு ஏறிவிடுகிறது. வாளிகளோடு நின்ற மற்றப் பிள்ளைகளுக்கு என்னவாயிற்று என்று பார்க்க அது திரும்புவதேயில்லை.