துன்பத்தின் உருவம்

டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1942-43ல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைதான் களன். நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை வாங்கப்பட்ட யுத்தக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். காலரா, சீதபேதி, பெரிபெரி, ஆறாத புண், பட்டினி, அடி. படம் பார்த்து வெளியே வருகிறவன் மனசில் நிற்பது இவற்றில் எதுவுமில்லை. ஒரு சீட்டியொலியும் ஒரு கர்னலின் வீம்பும்தான்.

படத்தின் முற்பாதியில் சண்டை எதைப் பற்றியது? அதிகாரிகள் உடலுழைப்பு செய்யலாமா கூடாதா என்பதைப் பற்றி. கர்னல் நிக்கல்சன் தகரக் கொட்டடியில் வேகிறார். அவர் துன்பத்துக்கு ஒரு காரணம் உண்டு, எதிராளி உண்டு, முடிவில் வெற்றியும் உண்டு. நாடகமாகத் தகுதி பெற்ற துன்பம் அது. காலராவில் சாகிறவனுக்கு இப்படி ஒரு எதிராளி இல்லை. பட்டினிக்கு உச்சகட்டம் இல்லை. இன்றைக்குப் போலவே நாளைக்கும். ஆகவே கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.

பியேர் பூல் எழுதிய மூல நாவலில் (1952) பாலம் தகர்வதில்லை. படத்தில் தகர்கிறது. சின்ன மாறுதலல்ல இது. ரயிலோடு பாலம் சரியும்போது பார்வையாளனுக்கு ஒரு விடுதலை கிடைத்துவிடுகிறது. முகாமில் கிடந்தவனுக்குக் கிடைக்காத விடுதலை.

ரொனால்ட் சேர்லின் சித்திரங்களை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கவேண்டும். அந்தப் பாதையில் வேலை செய்த கைதி அவர். ரகசியமாக வரைந்து, காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் ஒளித்து வைத்தார். 1986ல் அவை புத்தகமாகவும் வந்தன. நகைச்சுவைச் சித்திரக்காரராகப் பிற்பாடு பெயர் பெற்றவர். ஆனால் இங்கே கோடு கண்டதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்குவதில்லை. சித்திரம் ஒரு கணம், சினிமா இரண்டரை மணி நேரம், ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நான் ஒப்பிடுவது நீளத்தையல்ல. கலைஞன் எதை மறுக்கிறான் என்பதை.

இனி நம் விஷயம். அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். படத்தின் கதையில் இவர்களுக்கு இடமில்லை. சீட்டியடித்துக்கொண்டு வெளியே வந்த நாமும் அதைக் கவனிக்கவில்லை. இவர்களுக்கு ராணுவ டாக்டர் இல்லை. பெயர்ப் பதிவேடும் சரிவர இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் மலேசியாவில் வந்தது 1993ல். பாதை போட்டு முடித்து ஐம்பது வருஷம் கழித்து.

இந்த மௌனத்தை நிரப்ப இனி எழுதுகிறவனுக்கு ஒரு ஆபத்து காத்திருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு ஒரு நிக்கல்சன் கிடைத்தானே, நம் கூலிக்காரனுக்கும் ஒருவனைச் செய்து கொடுத்தாலென்ன என்று தோன்றும். வீரம், தியாகம், இறுதியில் ஒரு வெடி. பழி தீர்ந்த திருப்தி நமக்கு. செத்தவன் மறுபடியும் கதைக்கு வெளியேதான் கிடப்பான். சரித்திரம் அவனைக் கணக்கில் விட்டது. கலையாவது அவனை வேறொருவனாக மாற்றாமல் பார்க்கவேண்டும்.